மானேஜரின் பிரஷர்

டென்ஷன் என்கிற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது ஒரு நூல் மில்லின் ஆபீஸில். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. பழங்காநத்தத்தில் வீடு, அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, திருமங்கலம் போகிற ரோட்டில் இருந்த அந்த மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் வராந்தாவில் ஏறியதுமே ஹெட் கிளார்க் ஓடிவந்து மறித்தார்.

"ஏம்மா, செருப்ப வெளியில விட்டுட்டு வா. மானேஜருக்குச் செருப்புச் சத்தம் ஆகாது. டென்ஷன்."

அது என்ன வியாதி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன பணிவைப் பார்த்தபோது, நம்மைப் போன்றவர்களுக்கு வரக்கூடிய வியாதி இல்லை என்று மட்டும் புரிந்தது.

மானேஜருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல சிவப்பு, நல்ல உடம்பு. மத்தியானச் சாப்பாடும், டென்ஷனைத் தணிக்க வேளாவேளைக்கு மோரும் வீட்டிலிருந்து காரில் வரும். சாப்பிட்டுவிட்டு அறைக்குள்ளேயே சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பார். அதற்குப் பெயர் தூக்கம் இல்லை, ஓய்வு. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மில் டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதற்குள் பிரஷர் பார்க்கிற மிஷின். மில் பணத்தில் மானேஜர் ஒருவருக்காகவே வாங்கியது. கம்பவுண்டர் உள்ளே போனதும் ஆபீஸில் பேச்சு நின்றுவிடும். ஹெட் கிளார்க் எழுந்து கதவுக்கு வெளியே கைகட்டி நிற்பார். கம்பவுண்டர் வெளியே வந்து தலையை இப்படி ஆட்டினால் நல்லது, அப்படி ஆட்டினால் அன்றைக்கு ஒரு ஃபைலும் உள்ளே போகக்கூடாது. வளர்ந்த மனிதர்கள் ஏழெட்டுப் பேர் ஒருவருடைய ரத்த ஓட்டத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு மாதத்தில் நானும் அப்படித்தான் நின்றேன்.

டவுனிலிருந்து முதலாளி போன் பண்ணினால் மானேஜர் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். போனை வைத்ததும் மணியை அடிப்பார். மணி ஹெட் கிளார்க்குக்கு. அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வருவார்; மேஜை டிராயரைத் திறந்து, வயிற்றெரிச்சலுக்கு வைத்திருக்கும் வெள்ளை மருந்தைப் பாட்டிலோடு வாயில் சாய்த்துக்கொள்வார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்புவார். ஒரு எழுத்து தப்பினால் போதும், என் அப்பா எப்படிப்பட்ட வாத்தியார் என்கிற வரைக்கும் பேச்சு போகும். நான் அதை யாரிடம் காட்டுவது? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்ட நாட்கள் உண்டு. அம்மா உப்பு ஜாடியை எடுத்துவந்து வைப்பார். அந்த மில்லின் கடைசி ஊழியர், சம்பளமே இல்லாமல், எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

சேர்ந்த மூன்றாவது மாதம் என் டைப்ரைட்டர் சத்தமும் மானேஜருக்கு ஆகாமல் போயிற்று. என்னையும் மிஷினையும் ரீலிங் கொட்டகையை ஒட்டி இருந்த ஒரு தகர அறைக்கு மாற்றினார்கள். ரீலிங் என்பது பாபின் கட்டையில் இருக்கும் நூலை வளைய வளையமாகச் சிட்டம் சுற்றும் பகுதி. முழுக்கப் பெண்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அத்தனை மிஷினும் ஒரே இரைச்சல். தட்டுத் தட்டு என்று ஒரு டைப்ரைட்டர் போடுகிற சத்தம் அவருக்கு வியாதி. அந்த இரைச்சலுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்த என் காதுக்கு ஒன்றும் ஆகாது. கூரைத் தகரத்தில் சித்திரை வெயில் இறங்கும்போது காகிதம் கையில் ஒட்டும். பஞ்சுத் தூசி எழுத்துக்களின் இடுக்கில் அடைந்து 'ம' எல்லாம் கறுப்புக் கட்டியாக விழும்.

அங்கேதான் அந்த அக்காவைத் தெரிந்தது. ரீலிங்கில் பத்து வருஷமாக இருந்தவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். மானாவாரிக் காடு கொஞ்சம் உண்டு, மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. அவர்கள் குடும்பத்தில் மில் வேலைக்கு வந்த முதல் பெண் அவள். நல்ல உயரம், கணீரென்ற குரல். அறுந்த நூலை அவள் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரல் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பாள்.

"ஏத்தா, மானேஜருக்கு என்னமோ டென்சனாமே? அப்படின்னா என்னது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மனசுல பாரம் ஏறுறதுக்கா. அதனால ரத்தம் வேகமா ஓடுமாம். தூக்கம் வராதாம். கோவம் வருமாம்."

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தாள். "மேஸ்திரி மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெனமும் வருதே. எனக்கு எவன் மோரு கொண்டாந்து குடுக்கான்?"

மேஸ்திரி என்பவர் ரீலிங்கின் மேற்பார்வைக்காரர். கையில் ஒரு விசில் வைத்துக்கொண்டு, கக்கூஸ் போகிற பெண்களுக்கு நேரம் பார்ப்பதுதான் அவர் பார்த்த பெரிய வேலை.

அடுத்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. ஒருத்தி ஒரு மிஷின் பார்த்த இடத்தில் இனிமேல் இரண்டு பார்க்க வேண்டும். அதை மானேஜர் என்னைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மோர் குடித்தார். நெற்றியைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"இதையெல்லாம் சொல்றதுக்குள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா, மிஸ்? இந்த நாற்காலியில உக்காந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

நானும் பாவம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே அறையலாம் போலிருக்கிறது. யூனியன்காரர்கள் இரண்டு நாள் மில் வாசலில் சத்தம் போட்டார்கள். மூன்றாம் நாள் மானேஜர் அறையில் காபி குடித்துவிட்டு, ரீலிங் பெண்கள் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போனார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

இரண்டு மிஷின் வந்த பிறகு அக்காவின் சிரிப்பு குறைந்தது. ஒரு பக்கம் நூல் அறுந்தால் ஓடுவாள். அதை முடிச்சுப் போடுவதற்குள் மறுபக்கம் அறுந்திருக்கும். சாப்பாட்டு நேரத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சொன்னாள், கண்ணை மூடினால் நூல் அறுகிறது என்று. படுத்த இடத்தில் கை தானாக முடிச்சுப் போடுகிறதாம். இன்னொரு நாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கி, நடந்தே திரும்பி வந்திருக்கிறாள். மகளை ஒன்றுமில்லாத காரியத்துக்கு விறகுக் கட்டையால் அடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் மூடினாள்.

"லீவு போடுக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

"போட்டா அந்த எடத்துக்கு வேற ஆளு நிக்கும்த்தா" என்றாள்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கொட்டகைக்குள் மேஸ்திரியின் விசிலும் கெட்ட வார்த்தையும் தொடர்ந்து கேட்டன. எழுந்துபோய்ப் பார்த்தேன். அக்கா இரண்டு மிஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நூல் அறுந்து தொங்குகிறது. அவள் தன் கைகளையே பார்த்தபடி நிற்கிறாள். விரல்கள் அசையவில்லை. முகமெல்லாம் வேர்வை.

"கை வரமாட்டேங்குதுத்தா" என்றாள் என்னைப் பார்த்து. "நான் சொல்றேன், அது கேக்க மாட்டேங்குது."

"நடிக்காதடி" என்றார் மேஸ்திரி.

நானும் இன்னொரு பெண்ணும் அவளைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அன்றைக்கு வருகிற நாள் இல்லை. கம்பவுண்டர் மட்டும் இருந்தார். ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினார். மேஜைமேல் அந்த மரப்பெட்டி.

"அண்ணே, பிரஷர் பாருங்க" என்றேன்.

"அது மானேஜர் மிஷினும்மா."

"மானேஜருக்குப் பதினோரு மணிக்குத்தானே? இப்ப பாருங்க."

வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டையை அக்காவின் கையில் கட்டினார். காற்றடித்துவிட்டு மெதுவாகத் திருகைத் திறந்தார். பாதரசம் கொஞ்சம் இறங்குவதற்குள்ளேயே அவர் முகம் மாறிவிட்டது. மறு கையில் கட்டிப் பார்த்தார். பிறகு தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எம்புட்டுண்ணே இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"மிஷின்ல ஏதோ கோளாறு போல இருக்கு" என்றார் அவர். என்னிடம் மட்டும், தாழ்ந்த குரலில், "மானேஜருக்கு ஒருநாளும் இந்த உயரத்துல பாத்ததில்ல. இதுல பாதி கூட அவருக்கு ஏறாது" என்றார்.

அக்காவை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, பதினொரு மணிக்கு அதே மிஷினைத் தூக்கிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார். வெளியே வந்து தலையை நல்லவிதமாக ஆட்டினார். கோளாறு அதற்குள் சரியாகிவிட்டது போலும்.

மேஸ்திரி மூலமாக விஷயம் மானேஜருக்குப் போயிற்று. மத்தியானம் கம்பவுண்டரையும் என்னையும் கூப்பிட்டார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நினைக்க வரும்.

"வேர்வையும் பஞ்சுமா இருக்கிற கையில கட்டுன பட்டையை இனிமே நான் என் கையில கட்டணுமா?" என்றார். குரல் நிஜமாகவே நடுங்கியது. இடது கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல. "எனக்கு என்ன உடம்புன்னு தெரிஞ்சும் இப்படிப் பண்றீங்களே!"

அன்று சாயங்காலமே டவுனுக்குக் கார் போய்ப் புது மிஷின் வந்தது. ஹெட் கிளார்க் என் தகர அறைக்கு வந்து நின்றுகொண்டே அக்காவுக்கு ஒரு மெமோ சொன்னார். வேலை நேரத்தில் உற்பத்தியை நிறுத்தியது, நோய் இருப்பதாகப் பாசாங்கு செய்தது, நிர்வாகத்தின் மருத்துவச் சாதனத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியது.

"சார், பாதரசம் ஏறுனத நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நீ பாத்திருக்கலாம். நான் பாக்கலயே. அடிம்மா."

அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், நல்ல ஓரம் விட்டு, மூன்று காப்பி.

என்கொயரிக்கு டவுனிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். மானேஜர் வரவில்லை, இப்படிப்பட்ட காட்சிகள் அவர் உடம்புக்கு ஆகாதாம். வக்கீலுக்கும் ஹெட் கிளார்க்குக்கும், குறிப்பெடுக்க உட்கார்ந்த எனக்கும் நாற்காலி. அக்கா நின்றாள். துவைத்துக் கட்டிய சேலை, படிய வாரிய தலை. முதலில் கம்பவுண்டர். அந்தப் பெண்ணுக்குப் பிரஷர் எதுவும் பார்க்கவில்லை, அவளாகவே பெட்டியைத் தொட்டாள் என்றார்.

"அண்ணே, நீங்கதான எங் கையில கட்டுனீங்க?" என்றாள் அக்கா. கோபமே இல்லை, மறந்துபோனவருக்கு நினைவுபடுத்துவது போலக் கேட்டாள்.

வக்கீல் நிமிர்ந்து, "உனக்கு என்னதான் வியாதி?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "டென்சன்னு நெனக்கேன், சார்" என்றாள்.

வக்கீல் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் ஹெட் கிளார்க் சிரித்தார். கம்பவுண்டர் சிரித்தார். என் உதடும் விரிந்தது. அவளை ஏளனம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கும்போது நானும் அவர்கள் பக்கத்து ஆள் என்று உதட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அப்புறம் எந்தக் கேள்விக்கும் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி அடித்துக் கொடுத்தேன். ஹெட் கிளார்க் படித்துவிட்டு, அந்தத் தாளைப் பிடித்தபடி என் அறைக்கு ஓடிவந்தார். இந்த முறை அதட்டவில்லை.

"ஏம்மா, டென்ஷன்னு அவ சொன்னத அப்படியே போட்டிருக்கியே. சார் படிச்சா அவரக் கேலி பண்றதா நெனப்பாரும்மா. என்னைத்தான் உரிச்சிருவாரு. 'பதில் இல்லை'ன்னு போட்ரும்மா. உங்கிட்டக் கெஞ்சிக் கேக்குறேன்."

போட்டேன். அதுவும் மூன்று காப்பி.

அக்காவை ரீலிங்கிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கூலி பாதிக்குக் கீழே. இருபது நாள்போல வந்தாள். என் அறைப் பக்கம் வரவில்லை. பிறகு மில்லுக்கே வரவில்லை. அதே சமயத்தில் மானேஜருக்கு ஒரு மாதம் மலைவாசம் அவசியம் என்று டவுன் டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். கொடைக்கானலுக்குக் கார் புறப்பட்டபோது ஆபீஸே வாசலில் நின்றது. ஹெட் கிளார்க் பிளாஸ்கைத் துடைத்து உள்ளே வைத்தார்.

அந்த ஒரு மாதம் மில் தன்பாட்டுக்கு ஓடியது. எதுவும் கெடவில்லை, எதுவும் நிற்கவில்லை. மணி அடிக்க ஆள் இல்லை. ஆனால் பதினொரு மணியானால் ஹெட் கிளார்க் எழுந்து அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் ஏதோ ஃபைல் தேடுவது போலக் காட்டிக்கொண்டார்.

ஆறேழு மாதம் கழித்து, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற நேரம். அவள் பருத்தி எடுக்கிற கூலி வேலைக்குப் போய்விட்டு இன்னும் நாலு பெண்களோடு நின்றாள். கறுத்திருந்தாள். நானாகத்தான் போய்ப் பேசினேன்.

"நல்லா இருக்கியாக்கா? கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று விரித்துக் காட்டினாள். பிறகு, "எம் மகள விட்டு மில்லுல குடுத்த காயிதங்களப் படிக்கச் சொன்னேன். பாசாங்குன்னு போட்டிருக்காமே. நீதான அடிச்ச?" என்றாள்.

"ஆமாக்கா."

"பதில் சொல்லலன்னு அடிச்சதும் நீதானா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "படிச்ச புள்ள" என்றாள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம், என்னைக் காட்டி. அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மானேஜர் மலையிலிருந்து இன்னும் சிவந்துபோய் வந்தார். மணியும் வந்தது. அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். போன் வந்தபடி இருந்தது, மணி அடித்தபடி இருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஹெட் கிளார்க் பழைய ஃபைல் எடுக்கப் போன அறையில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்து கிடந்தார். வயிற்றில் புண் பழுத்து ஓட்டை விழுந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள்.

"ஸ்ட்ராங்கான ஆளுன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த அதிர்ச்சியெல்லாம் எனக்குத் தாங்குமா?" என்றார் மானேஜர். அன்றைக்குக் கம்பவுண்டர் மூன்று தடவை வந்து போனார்.

ஆபீஸ் சார்பில் நானும் பியூனும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் குழாய், கையில் ஊசி, வெளுத்த உதடு. எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார். அவர் மனைவி தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். ஏதோ சொல்ல வாயசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சாருக்குப் பிரஷர் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அவரையும், கதவுக்கு வெளியே அவரோடு நின்ற எல்லாரையும், அவர்களில் ஒருத்தியாக நின்ற என்னையும் சேர்த்து அருவருப்புத்தான் வந்தது. "நல்லா இருக்காம் சார்" என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு அந்த வாரமே விண்ணப்பம் போட்டேன். அடுத்த வருஷம் வேலை கிடைத்தது. ராஜினாமாக் கடிதத்தை அந்தத் தகர அறையில் உட்கார்ந்து நானே அடித்தேன். காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். மெமோவில் அடித்ததையும் என்கொயரியில் அடித்ததையும் எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை நின்றது. 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மானேஜர் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். போவதற்கு முன்னால் என்னைப் போலப் பிழையில்லாமல் அடிக்கிற பெண்ணாக ஒருத்தியைப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் தெருவிலேயே ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு யாரையும் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.